இமயமலை ஆய்வு மையம் என்ன செய்திருக்கிறது? வட்டாரக் காலநிலை ஆய்வு நிறுவனங்களை எடைபோடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"இமயமலைப் பனியாறுகள் வேகமாக உருகுகின்றன" என்று ஒவ்வோர் ஆண்டும் ஏதோ ஒரு நிறுவனத்தின் அறிக்கை செய்தியாகிறது. இரண்டு நாள் பேசுகிறோம், அப்புறம் மறந்துவிடுகிறோம். அந்த நிறுவனம் பத்து ஆண்டுகளுக்கு முன் சொன்னது சரியாக இருந்ததா, அதன் வேலையால் மலையில் இருக்கும் ஒருவருக்காவது பயன் கிடைத்ததா என்று திரும்பிப் பார்ப்பவர்கள் குறைவு. அப்படிப் பார்ப்பது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். பொதுவாகப் பேசினால் ஒன்றும் பிடிபடாது. அதனால் ஒரே ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்கிறேன். காத்மாண்டுவில் இருக்கும் ஐசிமோட், அதாவது ஒருங்கிணைந்த மலைப்பகுதி மேம்பாட்டுக்கான சர்வதேச மையம்.

ஏன் குறிப்பாக ஐசிமோட்?

ஒரு நாட்டுக்குள் அடங்காத ஆய்வு நிறுவனத்துக்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு ஆசியாவில் எனக்குத் தெரியவில்லை. 1983இல் தொடங்கப்பட்டது. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியா, நேபாளம், பூட்டான், வங்கதேசம், மியான்மர், சீனா என எட்டு நாடுகள் உறுப்பினர்கள். இந்துகுஷ் முதல் மியான்மர் மலைகள் வரை சுமார் 3,500 கிலோமீட்டர் நீளும் மலைத்தொடர் அதன் களம். அந்த மலைகளில் ஏறத்தாழ 24 கோடிப் பேர் வாழ்கிறார்கள். அங்கிருந்து இறங்கும் பத்துப் பெரிய ஆறுகளின் சமவெளிகளில் இன்னொரு 165 கோடிப் பேர்.

இந்த எட்டு நாடுகளும் ஒன்றுக்கொன்று எளிதாகத் தகவல் கொடுப்பவை அல்ல. கங்கை, பிரம்மபுத்திரா, சிந்து ஆறுகளின் நீரோட்டக் கணக்குகளை இந்தியா பொதுவெளியில் வைப்பதில்லை. பூட்டான் எல்லையில் உள்ள டோக்லாமில் இந்திய, சீனப் படைகள் எதிரெதிரே நின்ற 2017இல் பிரம்மபுத்திராவின் மழைக்கால நீரளவுத் தகவல் சீனாவிடமிருந்து இந்தியாவுக்கு வரவில்லை. தண்ணீருக்கு எல்லை தெரியாது, தண்ணீர்க் கணக்குக்கு எல்லை உண்டு. அந்த எல்லையின் நடுவில் உட்கார்ந்துகொண்டு எட்டுப் பேருக்கும் பொதுவான கணக்கை எழுத முயலும் நிறுவனம் என்பதால்தான் அதை எடைபோடுவது முக்கியம் என்று நினைக்கிறேன்.

ஒரு ஆய்வு நிறுவனத்தின் விளைச்சல் என்றால் அது வெளியிட்ட கட்டுரைகளின் எண்ணிக்கைதானே?

கட்டுரையும் ஒரு விளைச்சல்தான். ஆனால் காலநிலை ஆய்வு நிறுவனம் வேறு பலவற்றையும் விளைவிக்கிறது. ஆண்டுக்கணக்கில் விடாமல் எடுத்த அளவீடுகள், யாரும் இறக்கிப் பயன்படுத்தக்கூடிய வரைபடங்கள், பயிற்சி பெற்ற ஆட்கள், ஓர் ஆற்றங்கரையில் வேலை செய்யும் எச்சரிக்கைக் கருவி, அரசாங்கத்தின் திட்ட ஆவணத்துக்குள் போய்ச் சேர்ந்த ஒரு பரிந்துரை என்று பட்டியல் நீளும். இவற்றில் பாதிக்கு மேல் எந்த ஆய்விதழிலும் தென்படாது.

இன்னொன்றும் உண்டு. "செய்தோம்" என்பதையும் "நடந்தது" என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 40 பயிலரங்குகள் நடத்தினோம் என்று ஆண்டறிக்கை சொல்லும். அது செய்த வேலை. அந்தப் பயிலரங்குக்கு வந்த பொறியாளர் ஊருக்குத் திரும்பிப் பாலத்தை இரண்டு மீட்டர் உயர்த்திக் கட்டினாரா என்பது நடந்த மாற்றம். ஆண்டறிக்கைகளில் முதல் வகை நிரம்பி வழியும். இரண்டாவது வகையை நாம் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

மேற்கோள் எண்ணிக்கையை வைத்து மதிப்பிடுவதில் என்ன தவறு?

ஒரு கட்டுரையை வேறு எத்தனை கட்டுரைகள் மேற்கோள் காட்டின என்பது, அதைப் பற்றி ஆய்வாளர்கள் எவ்வளவு பேசினார்கள் என்று காட்டும். அதற்குமேல் காட்டாது. உலகம் முழுவதுக்குமான வெப்பநிலைக் கட்டுரையை ஆயிரம் பேர் மேற்கோள் காட்டுவார்கள். நேபாளத்தின் ஒரு பள்ளத்தாக்கில் ஊற்றுகள் ஏன் வற்றுகின்றன என்ற கட்டுரையைப் பத்துப் பேர் காட்டினால் பெரிது. அந்தப் பள்ளத்தாக்குக்கு எது வேண்டும்?

இந்தக் குறை ஆய்வுலகத்துக்கே தெரியும். 2012இல் உருவான சான் பிரான்சிஸ்கோ பிரகடனம், ஆய்விதழின் செல்வாக்கு எண்ணை, அதாவது அதில் வரும் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற கணக்கை வைத்து ஆய்வாளரை எடைபோடாதீர்கள் என்றது. 2015இல் வந்த லைடன் அறிக்கை, ஆய்வை எடைபோடுவதற்குப் பத்துக் கொள்கைகளை வைத்தது. உள்ளூருக்குப் பயன்படும் ஆய்வின் தரத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. வட்டார நிறுவனங்களுக்கு அந்த ஒரு கொள்கை மிக முக்கியம்.

2035இல் இமயமலைப் பனியாறுகள் காணாமல் போகும் என்றார்களே, அது என்ன கதை?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆய்வின் தரம் என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

ஐ.பி.சி.சி. எனப்படும் ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழு 2007இல் வெளியிட்ட நான்காவது மதிப்பீட்டில் ஆசியா பற்றிய அத்தியாயத்தில் ஒரு பத்தி இருந்தது. இமயமலைப் பனியாறுகள் 2035க்குள் மறைந்துபோகும் வாய்ப்பு மிக அதிகம், அவற்றின் பரப்பு 5,00,000 சதுர கிலோமீட்டரிலிருந்து 1,00,000 ஆகச் சுருங்கும் என்றது அது. ஆதாரமாகக் காட்டப்பட்டது ஒரு சூழல் அமைப்பின் 2005ஆம் ஆண்டு அறிக்கை. அந்த அறிக்கைக்கு ஆதாரம் 1999இல் ஓர் அறிவியல் வார இதழில் வந்த செய்தி. அந்தச் செய்திக்கு ஆதாரம் ஒரு விஞ்ஞானியிடம் கேட்டெழுதிய கருத்து. அளவீடு என்று எதுவும் அந்தச் சங்கிலியில் இல்லை. பரப்பளவு எண் வேறோர் இடத்திலிருந்து வந்திருந்தது. 1996இல் ஒரு ரஷ்யப் பனியியலாளர் துருவங்கள் தவிர்த்த உலகப் பனியாறுகள் முழுவதற்கும் சொன்ன கணக்கு அது. அவர் சொன்ன ஆண்டு 2350!

வரைவு நிலையிலேயே ஜப்பான் அரசின் மதிப்பாய்வாளர்கள் இந்த வரியைப் பற்றிக் கேள்வி எழுப்பினார்கள். திருத்தம் நடக்கவில்லை. 2009 நவம்பரில் இந்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் பனியாற்று ஆய்வாளர் வி.கே. ரைனா எழுதிய ஆய்வுரையை வெளியிட்டது. பனியாறுகள் அசாதாரண வேகத்தில் பின்வாங்குவதற்குச் சான்று இல்லை என்றது அது. ஐ.பி.சி.சி.யின் அன்றைய தலைவர் அதைக் கடுமையாக நிராகரித்தார். 2010 ஜனவரி 20 அன்று அதே ஐ.பி.சி.சி., அந்தப் பத்தி சரியான ஆதாரம் இல்லாமல் எழுதப்பட்டது என்று ஒப்புக்கொண்டது.

இதில் என்னை இன்றும் உறுத்துவது ஒன்று உண்டு. 2035 என்றவர்களிடமும் அளவீடு இல்லை, அசாதாரணம் ஒன்றுமில்லை என்றவர்களிடமும் போதுமான அளவீடு இல்லை. பின்னாளில் அளந்தபோது, பனியாறுகள் 2035இல் மறையப்போவதில்லை, ஆனால் இழப்பின் வேகம் கூடிக்கொண்டே போகிறது என்று தெரிந்தது. இரண்டு தரப்பும் சண்டை போட்ட காலத்தில் யாராவது மலை ஏறி அளந்துகொண்டிருந்திருக்க வேண்டும்.

அப்படி அளந்தது யார்? ஐசிமோட் என்ன செய்தது?

முதலில் எண்ணியது. செயற்கைக்கோள் படங்களை வைத்து மலைத்தொடர் முழுவதுக்கும் ஒரே முறையில் கணக்கெடுத்து 2011இல் வெளியிட்டது. 54,252 பனியாறுகள், மொத்தப் பரப்பு 60,054 சதுர கிலோமீட்டர். மேலே சொன்ன 5,00,000 என்ற எண்ணைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்தக் கணக்கு முன்பே இருந்திருந்தால் அந்தப் பத்தி முதல் வாசிப்பிலேயே விழுந்திருக்கும். பரபரப்பே இல்லாத ஒரு பட்டியல் வேலை, எவ்வளவு பெரிய தவறைத் தடுக்க முடியும் என்பதற்கு இதுவே சான்று.

ஆனால் வானத்திலிருந்து எண்ணுவது வேறு, பனியின் மேல் நின்று அளப்பது வேறு. பனியாற்றின் ஆரோக்கியம் என்பது ஒரு வரவு செலவுக் கணக்கு. பனிப்பொழிவால் எவ்வளவு சேர்ந்தது, உருகி எவ்வளவு போனது என்று பார்க்க வேண்டும். அதற்குப் பனியில் துளையிட்டுக் கழிகளை நட்டு, ஒவ்வோர் ஆண்டும் திரும்பப் போய் எவ்வளவு கழி வெளியே தெரிகிறது என்று அளக்கிறார்கள். 5,000 மீட்டர் உயரத்துக்கு மேல், மூச்சு வாங்க வாங்கச் செய்யும் வேலை. 2011இல் இந்தக் கணக்கு ஒழுங்காக எடுக்கப்பட்ட பனியாறுகள் 54,000இல் வெறும் 10தான்.

நேபாளத்தின் லாங்டாங் பள்ளத்தாக்கில் இருக்கும் யாலா பனியாற்றை ஐசிமோட் 2011 முதல் தொடர்ந்து அளந்துவருகிறது. 2015 ஏப்ரல் நிலநடுக்கத்தில் சரிந்துவந்த பனியும் பாறையும் லாங்டாங் கிராமத்தையே மூடிவிட்டன. அதற்குப் பிறகும் அளவீட்டைக் கைவிடவில்லை. 1974லிருந்து கணக்கிட்டால் யாலா 784 மீட்டர் பின்வாங்கியிருக்கிறது, 66 சதவீதம் சுருங்கியிருக்கிறது. 2025 மே மாதம் அந்த மலைக்கே ஏறிப்போய், பௌத்தத் துறவிகளும் உள்ளூர் மக்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து யாலாவுக்கு அஞ்சலி செலுத்தினார்கள். அந்தச் சமயத்தில் நேரடியாக ஆண்டுதோறும் அளக்கப்படும் பனியாறுகளின் எண்ணிக்கை 38. அவற்றிலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் அளவீடு இருப்பவை ஏழே ஏழு.

10லிருந்து 38. ஒரு நிறுவனம் தனியாகச் செய்தது இல்லை இது. இந்தியா, சீனா, நேபாளம் ஆகிய நாடுகளின் பல குழுக்களுடைய உழைப்பு. ஆனாலும் ஒரு வட்டார நிறுவனத்தை எடைபோட எனக்கு ஒரே ஓர் எண் கொடுங்கள் என்றால், கட்டுரை எண்ணிக்கையைக் கேட்க மாட்டேன், இதைத்தான் கேட்பேன்.

2100ஆம் ஆண்டைப் பற்றிய கணிப்பை இன்று எப்படிச் சரிபார்ப்பது?

நேரடியாக முடியாது. ஆனால் கணிப்பு எப்படிச் செய்யப்பட்டது என்று பார்க்கலாம்.

2019 பிப்ரவரியில் ஐசிமோட் ஒருங்கிணைத்த இந்துகுஷ் இமயமலை மதிப்பீடு வந்தது. 210 ஆசிரியர்கள், ஐந்து ஆண்டு வேலை. புவி வெப்பம் 1.5 டிகிரிக்குள் நின்றாலும் இந்த மலைகளில் அது 1.8 டிகிரியாவது இருக்கும், நூற்றாண்டு முடிவுக்குள் பனியாறுகளில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும் என்றது. உமிழ்வு அன்றைய போக்கிலேயே தொடர்ந்தால் மூன்றில் இரண்டு பங்கு போகும் என்றது. "இப்படி நடந்தால் இவ்வளவு" என்று நிபந்தனையோடு சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். 2035 பத்தியில் இது இல்லை. யாரும் காசு கொடுக்காமல் முழு நூலையும் இறக்கிப் படிக்கலாம் என்பது இன்னொரு நல்ல விஷயம்.

அடுத்து, இடைக்காலத்தில் வரும் அளவீடு கணிப்பின் பக்கம் போகிறதா, எதிர்ப்பக்கம் போகிறதா என்று பார்க்க வேண்டும். 2023இல் வந்த அடுத்த அறிக்கை, 2011 முதல் 2020 வரையான பத்தாண்டில் பனியாறுகள் அதற்கு முந்தைய பத்தாண்டைவிட 65 சதவீதம் வேகமாகக் கரைந்தன என்றது. கணிப்பு மிகைப்படுத்தவில்லை, கொஞ்சம் அடக்கமாகவே சொல்லியிருக்கிறது போலிருக்கிறது.

அப்புறம் உடனுக்குடன் சரிபார்க்கக்கூடிய சின்ன வெளியீடுகள் இருக்கின்றன. குளிர்காலப் பனி தரையில் எவ்வளவு நாள் தங்கியது என்று ஆண்டுதோறும் ஒரு குறிப்பு வெளியிடுகிறார்கள். 2025இல் அது இயல்பைவிட 23.6 சதவீதம் குறைவு, 23 ஆண்டுகளில் மிகக் குறைவு என்றார்கள். கோடையில் எந்த ஆற்றில் தண்ணீர் குறையும் என்று அதை வைத்து யோசிக்கலாம். பெரிய அறிக்கைகளைவிட இந்த மாதிரி நாலு பக்கக் குறிப்புகள் மேல் எனக்கு மரியாதை அதிகம்.

ஆபத்தான ஏரிகளின் பட்டியல் தயாரித்தார்களே, அது பயன்பட்டதா?

பனியாறு பின்வாங்கும்போது அது விட்டுச்சென்ற கல்மண் மேடு அணைபோல நின்று, உருகிய நீர் ஏரியாகத் தேங்கும். மேடு உடைந்தால் மொத்த ஏரியும் பள்ளத்தாக்கில் பாயும். 1985இல் நேபாளத்தின் டிக் சோ ஏரி அப்படி உடைந்து, கட்டி முடிக்கப்படும் தறுவாயில் இருந்த ஒரு மின்நிலையத்தை அடித்துப்போனது. தொடங்கி மூன்றே ஆண்டாகியிருந்த ஐசிமோட், மறு ஆண்டே அதைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. அதாவது இந்தத் துறையில் அதற்கு நாற்பது ஆண்டு அனுபவம்.

2020இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தோடு சேர்ந்து கோசி, கண்டகி, கர்ணாலி ஆற்றுப்படுகைகளில் 3,624 பனி ஏரிகளைக் கணக்கெடுத்தார்கள். அவற்றில் 47 உடையும் ஆபத்து உள்ளவை. நேபாளத்தில் 21, இந்தியாவில் 1, மீதி 25 திபெத்தில். நேபாளத்துக்கு வரும் ஆபத்தில் பாதிக்கு மேல் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்று எண்ணோடு காட்டியது அந்தப் பட்டியல். ஒரு நாட்டின் நிறுவனம் தனியாக இதைச் செய்திருந்தால் பாதி வரைபடம் வெள்ளையாக இருந்திருக்கும்.

சரி, குறை என்ன? 2024 ஆகஸ்ட் 16 அன்று எவரெஸ்ட் பகுதியின் தாமே கிராமத்தை ஒரு பனி ஏரி வெள்ளம் தாக்கியது. பள்ளிக்கூடமும் மருத்துவ நிலையமும் போயின. பகல் நேரம் என்பதால் உயிர்கள் தப்பின. உடைந்த ஏரி அந்த 47இல் இல்லை, அது சிறிய ஏரி. 2025 ஜூலையில் ரசுவா எல்லையில் நேபாள–சீன நட்புப் பாலத்தை அடித்துச் சென்ற வெள்ளம், பனியாற்றின் முதுகிலேயே சில மாதங்களுக்கு முன் உருவான ஒரு குளத்திலிருந்து வந்தது என்று செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து ஐசிமோட் பின்னர் சொன்னது.

இதைப் பட்டியலின் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பட்டியல் போடும் முறைக்கு இது ஒரு கடுமையான பாடம். பெரிய, நிலையான ஏரிகளைப் பார்க்கப் பழகிய கண், சிறியதையும் புதிதாக முளைப்பதையும் தவறவிடுகிறது. பத்து ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் கணக்கெடுப்பு இனி போதாது, மாதந்தோறும் பார்க்க வேண்டும். அடுத்த பட்டியலில் இந்த மாற்றம் வருகிறதா என்பதுதான் நிறுவனத்துக்கான உண்மையான தேர்வு.

எச்சரிக்கை முன்பே இருந்தும் பேரழிவு நடந்தால் அது யார் தவறு?

சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரி. உடையும் வாய்ப்பு அதிகம் என்று ஹைதராபாத் தேசியத் தொலையுணர்வு மைய விஞ்ஞானிகள் 2013இலேயே எழுதினார்கள். 2016இல் குழாய் போட்டுக் கொஞ்சம் தண்ணீரை வெளியேற்றினார்கள். பின்னால் வந்த ஆய்வுகளும் எச்சரித்தன. 2023 அக்டோபர் 3 இரவு ஏரி உடைந்தது. சுங்தாங்கில் இருந்த 1,200 மெகாவாட் தீஸ்தா மூன்றாம் நிலை அணை அடித்துச் செல்லப்பட்டது. பலர் இறந்தார்கள், பலரைக் காணவில்லை.

இங்கே ஆய்வு தோற்கவில்லை. அறிந்ததற்கும் செய்ததற்கும் நடுவில் பத்து ஆண்டு போய்விட்டது, அவ்வளவுதான். ஆனால் "நாங்கள் எழுதிவிட்டோம், மற்றது அரசின் வேலை" என்று ஆய்வு நிறுவனம் கையைக் கழுவுவதையும் நான் ஏற்க மாட்டேன். எழுதியது யாருக்குப் போக வேண்டுமோ அவர் கையில், அவருக்குப் புரியும் வடிவில், நேரத்துக்குப் போனதா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

கருவி வைப்பது மட்டும் போதாது. நேபாளத்தின் சோ ரோல்பா ஏரிக்குக் கீழே உள்ள கிராமங்களில் 1998இல் அபாயச் சங்குகள் வைத்தார்கள். சில ஆண்டுகளில் பராமரிப்பு இல்லாமல் அவை வேலை செய்யவில்லை. அதோடு ஒப்பிட அசாமின் ஜியாதல், சிங்கோரா ஆறுகளைப் பாருங்கள். ஐசிமோடும் உள்ளூர்ப் பங்காளிகளும் அங்கே வைத்தது மிக எளிய அமைப்பு. மேல்பக்கத்தில் ஆற்றில் ஒரு நீர்மட்ட உணர்கருவி. கரையோரம் ஒரு வீட்டில் அதன் மணி. மணி அடித்தால் அந்த வீட்டுக்காரர் கீழ்ப்பக்க ஊர்களுக்குக் கைப்பேசியில் சொல்கிறார். 2014இல் ஐ.நா. காலநிலை அமைப்பின் விருது இதற்குக் கிடைத்தது. பிறகு ராத்து ஆற்றிலும் அதே முறை வந்தது. அங்கே நேபாளப் பக்கத்தில் இருப்பவர் பீகார் பக்கத்தில் இருப்பவரை அழைக்கிறார். இரண்டு அரசுகளுக்கு இடையே கடிதம் போய் வரும் நேரத்தில் வெள்ளம் வந்து வடிந்துவிடும். ஒரு தொலைபேசி அழைப்புக்கு அந்தத் தாமதம் இல்லை. எனக்கு இந்த ஆற்றங்கரை மணிதான் ஐசிமோடின் மிக நல்ல விளைச்சலாகத் தெரிகிறது.

பனியாறு தவிர வேறு எதுவும் செய்யவில்லையா?

நிறைய. ஒன்று மட்டும் சொல்கிறேன். மலைக் கிராமங்களின் குடிநீர் பனியாற்றிலிருந்து வருவதில்லை, பெரும்பாலும் ஊற்றுகளிலிருந்து வருகிறது. இந்திய இமயமலையில் ஊற்றுகளில் ஏறத்தாழ பாதி வற்றிவருவதாக நிதி ஆயோக் 2018இல் சொன்னது. ஊற்றுக்கு நீர் எந்தச் சரிவிலிருந்து இறங்குகிறது என்று பாறை அடுக்குகளைப் படித்துக் கண்டுபிடித்து, அங்கே குழிவெட்டி மழைநீரை இறக்கினால் ஊற்று திரும்புகிறது. சிக்கிம் அரசு இதைப் பெரிய அளவில் செய்துகாட்டியது. ஐசிமோட் புனேயின் நிலத்தடி நீர் வல்லுநர்களோடு சேர்ந்து இதைப் படிப்படியான செய்முறையாக எழுதிக்கொடுத்தது. செய்தித்தாளின் முதல் பக்கத்தில் வராது. ஒரு பெண் தண்ணீருக்கு நடக்கும் தூரம் குறையும்.

பணம் யார் தருகிறார்கள்? அது முடிவுகளைப் பாதிக்காதா?

உறுப்பு நாடுகளும், ஆஸ்திரியா, நார்வே, ஸ்வீடன், ஸ்விட்சர்லாந்து போன்ற நாடுகளும் தருகின்றன. எண்களைக் கொடையாளர்கள் மாற்றுகிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. பாதிப்பு வேறு விதமானது. திட்டப் பணம் மூன்று, ஐந்து ஆண்டுகளுக்கு வரும். பனியாற்று அளவீடு முப்பது ஆண்டுகளுக்கு வேண்டும். நடுவில் ஓர் ஆண்டு விட்டுப்போனால் அந்த ஆண்டு போனதுதான், திரும்ப அளக்க முடியாது. ஆகவே பணத்தைப் பற்றிக் கேட்கும்போது "எவ்வளவு" என்பதோடு "எத்தனை ஆண்டுக்கு" என்றும் கேளுங்கள்.

அரசுகளின் அமைப்பு என்பதால் சிலவற்றைச் சொல்லாமல் விடுவார்களா?

எட்டு அரசுகள் உட்கார்ந்திருக்கும் அவையில், ஒரு நாட்டின் ஓர் அணையைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுவது எளிதல்ல. இது அந்த அமைப்பின் இயல்பிலேயே உள்ள வரம்பு. அதனால் அறிக்கையை வாசிக்கும்போது பொதுவாகச் சொல்லப்பட்ட இடங்களைக் கவனியுங்கள். "மேல்பகுதி உள்கட்டுமானம்" என்று எழுதியிருந்தால் எந்த அணை என்று வரைபடத்தில் நாமே தேட வேண்டியிருக்கும். அந்தத் தேடலுக்குத் தேவையான தரவை அவர்கள் திறந்து வைத்திருந்தால் என்னைப் பொறுத்தவரை பாதி வேலையைச் செய்துவிட்டார்கள்.

ஆட்களை உருவாக்குவதையும் கணக்கில் சேர்க்கலாமா?

கட்டாயம். காத்மாண்டு பல்கலைக்கழகத்தில் பனியியலில் முதுகலை ஆய்வுப் படிப்பு உருவாக ஐசிமோட் துணை நின்றது. ஒரு காலத்தில் இமயமலைப் பனியை அளக்க ஜப்பானிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும்தான் ஆட்கள் வருவார்கள். இன்று நேபாள மாணவர்கள் கழியைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறார்கள்.

புனேயின் வானிலையியல் நிறுவனத்தோடு ஒப்பிட்டால்?

புனேயில் 1962இல் தொடங்கிய இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் வேறு வகை. அதன் வேலை உலகளாவிய காலநிலையைக் கணினியில் கணக்கிட்டுக் காட்டும் மாதிரியை ஓட்டிப் பருவமழையைப் புரிந்துகொள்வது. 2020இல் வெளிவந்த இந்தியப் பகுதிக்கான மதிப்பீடு அதன் பெரிய விளைச்சல். 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பநிலை 0.7 டிகிரி உயர்ந்தது, 1951 முதல் 2015 வரை கோடைப் பருவமழை 6 சதவீதம் குறைந்தது என்று அரசின் பெயரிலேயே பதிவு செய்தது. அதைக் கழி நட்ட எண்ணிக்கையால் எடைபோடக் கூடாது, ஐசிமோடை மாதிரியின் துல்லியத்தால் எடைபோடக் கூடாது. எந்த வேலைக்கு உருவானதோ அந்த வேலையில்தான் மதிப்பெண்.

சாதாரண வாசகர் ஒரு நிறுவனத்தை எப்படிச் சோதிக்கலாம்?

ஐந்தாறு ஆண்டுக்கு முந்தைய அறிக்கை ஒன்றைத் திறந்து, அதில் உள்ள பெரிய எண் ஒன்றை எடுங்கள். அது எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போங்கள். அளவீட்டில் போய் நிற்கிறதா, இன்னொரு அறிக்கையில் போய் நிற்கிறதா? பிறகு அதே எண் புதிய அறிக்கையில் என்ன ஆனது என்று பாருங்கள். மாறியிருந்தால் ஏன் மாறியது என்று சொல்லியிருக்கிறார்களா? தரவை இறக்க முடிகிறதா? அந்த ஊர் மொழியில் ஒரு பக்கமாவது இருக்கிறதா? அரை மணி நேர வேலைதான். இதைச் செய்தால் கிடைக்கும் தெளிவு எந்தத் தரவரிசைப் பட்டியலிலும் கிடைக்காது.

தமிழ்நாட்டு ஆய்வுகளுக்கும் இந்த அளவுகோல் பொருந்துமா?

பொருந்தும். பிச்சாவரத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளை செய்ததை எடுங்கள். பழைய காலத்தில் அலையாத்திக் காட்டை மொத்தமாக வெட்டியதால் நிலம் குழிந்து, தேங்கிய நீரில் உப்பு ஏறி, கன்று முளைக்கவில்லை. மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி அலைநீர் வந்து போக வழிசெய்தார்கள், காடு திரும்பியது. போய்ப் பார்க்கலாம், செயற்கைக்கோள் படத்திலும் பார்க்கலாம்.

அதே கரையில் இன்னொரு கதையும் உண்டு. 2004 ஆழிப்பேரலைக்குப் பின், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 18 கடலோரக் குப்பங்களின் இழப்பை ஒப்பிட்டு, அலையாத்திக் காடு உயிர்களைக் காத்தது என்று 2005இல் கட்டுரை எழுதினார்கள். உலகம் முழுவதும் அது மேற்கோள் காட்டப்பட்டது. 2006இல் வேறு ஆய்வாளர்கள் அதே 18 குப்பங்களின் எண்களை எடுத்துத் திரும்பக் கணக்கிட்டார்கள். கடலிலிருந்து தூரமும் நிலத்தின் உயரமும்தான் பெரும் பங்கு வகித்தன, காட்டின் தனிப்பங்கு மிகக் குறைவு என்றார்கள். முதல் குழு அதற்குப் பதில் எழுதியது.

இந்தச் சண்டையால் பரங்கிப்பேட்டை ஆய்வின் மதிப்பு குறைந்தது என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒவ்வொரு குப்பத்தின் தூரம், உயரம், இழப்பு எல்லாவற்றையும் அட்டவணையாகக் கட்டுரையிலேயே வைத்திருந்தார்கள். அதனால்தான் இன்னொருவர் உட்கார்ந்து கணக்குப் போட முடிந்தது. 2035 பத்தியில் அப்படிப் போட்டுப் பார்க்க எதுவும் இருக்கவில்லை.